மலிவுக் கத்திக்கு மரப்பிடியும் தோலுறையும்: வாசகர் கேள்வி – பதில்

மடக்க முடியாத, நிலையான அலகு கொண்ட கத்தியைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதன் பிடியையும் உறையையும் தம் கையாலேயே மாற்றிக்கொள்ள விரும்பும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பொதுவானவை இந்த இதழில் இடம்பெறுகின்றன.

கேள்வி: மலிவான கத்தியில் இவ்வளவு உழைப்பைக் கொட்டுவது வீண் என்கிறார் என் நண்பர். விலை குறைந்தால் இரும்பும் மட்டமாகத்தானே இருக்கும்? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: விலை எந்த வேலையில் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நல்ல தொழிற்சாலைகளில் எஃகுத் தகட்டை வெட்டுவதும், அதைக் காய்ச்சித் துவைச்சல் (சூடேற்றிக் குளிரவைத்து எஃகைக் கடினமாக்குவது) கொடுப்பதும் ஆயிரக்கணக்கான அலகுகளுக்கு ஒரே சீராக இயந்திரத்தில் நடந்துவிடுவதால், ஓர் அலகுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. கையால் செய்ய வேண்டிய மெருகு, பிடியின் பொருத்தம், உறையின் தையல் ஆகியவற்றில்தான் அவர்கள் காசை மிச்சப்படுத்துகிறார்கள். சுவீடனின் மோரா வட்டாரத்துக் கத்திகளை எடுத்துக்கொள்ளுங்கள்: பிளாஸ்டிக் பிடியும் பிளாஸ்டிக் உறையுமாக விற்கப்படும் அவற்றின் அலகு, ராக்வெல் அளவில் ஏறத்தாழ 56 முதல் 60 வரை கடினமுடையது, பல மடங்கு விலையுள்ள கத்திகளிலும் இதே கடினத்தைக் காணலாம். அமெரிக்காவின் ஓல்டு ஹிக்கரி வகைச் சமையலறைக் கத்திகள் 1095 என்ற கார்பன் எஃகால் ஆனவை. நூற்றுக்கு ஏறத்தாழ 0.95 பங்கு கார்பன் கொண்ட அந்த எஃகு கூர்மையை நன்றாகவே தாங்கும். ஆகவே இத்தகைய கத்தியில் நாம் மாற்றப்போவது, செய்தவர் கஞ்சத்தனம் காட்டிய பகுதிகளை மட்டுமே. துவைச்சலை அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார். அதைக் கெடுக்காமல் இருப்பதே நம் பொறுப்பு.

வாங்கும்போது, அலகின் முதுகைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நுனிவரை பாருங்கள். வளைவோ முறுக்கோ தெரிந்தால் வைத்துவிடுங்கள், ஏனெனில் துவைச்சல் கொடுத்த எஃகை வீட்டில் நிமிர்த்துவது எளிதன்று. அடுத்து, பிடிக்குள் புகும் வால் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ளுங்கள். அலகும் வாலும் ஒரே தகட்டில் வெட்டப்பட்டு, பிடியின் முழு நீளத்துக்கும் வால் ஓடினால், புதியவர்களுக்கு அதுவே ஏற்றது. அலகின் அடியில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து வாலாக்கியிருக்கும் அலங்காரக் கத்திகளில் எவ்வளவு அழகான மரத்தைப் போட்டாலும், ஒருநாள் அந்தப் பற்றவைப்பில் முறியும். வாங்கிய பிறகு, பிடியை ஒட்டிய ஓரத்தில் ஒரு புது அரத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அது பெரும்பாலும் வழுக்கிச் செல்ல வேண்டும்; எளிதாகக் கடித்துப் பொடி உதிர்ந்தால் அதில் துவைச்சல் இல்லை என்று பொருள்.

கேள்வி: பிளாஸ்டிக் பிடியை நெருப்பில் காட்டிக் கழற்றலாமா? அலகின் நுனியையும் சற்றுத் தாழ்த்த விரும்புகிறேன். கிரைண்டரில் கொடுத்தால் துவைச்சல் போய்விடுமா?

பதில்: நெருப்பு வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் எரியும் புகையும் நல்லதன்று. அந்தச் சூடு வால் வழியாக அலகுக்கும் ஏறும். முதலில் வெட்டுவாயின் மேல் தடித்த அட்டையை மடித்து வைத்து, அதன்மேல் டேப்பை நன்றாகச் சுற்றிவிடுங்கள். இந்த வேலையில் ஏற்படும் காயங்களில் பெரும்பாலானவை, வெறும் அலகைப் பிடித்துக்கொண்டு பிடியோடு மல்லுக்கட்டும்போதுதான் நேர்கின்றன. பிறகு கத்தியை வைஸில் மாட்டி, பிடியின் முதுகுப் பக்கத்திலும் அடிப்பக்கத்திலும் ஹேக்சாவால் நீளவாக்கில், எஃகு தட்டுப்படும்வரை அறுத்து, உளியால் நெம்பினால் பிளாஸ்டிக் இரண்டாகப் பிளந்துவிடும். ரிவெட் அடித்த மரப்பிடி என்றால், ரிவெட்டின் தலையைச் சற்றுப் பெரிய டிரில் பிட்டால் துளைத்து எடுத்துவிட்டு, மரமும் எஃகும் சேரும் கோட்டில் உளியை வைத்துத் தட்டுங்கள். எபாக்சியால் ஒட்டியிருந்தால், பிடியைச் சிறிது நேரம் கொதிநீரில் வைத்தாலே பெரும்பாலும் பசை இளகிவிடும். 100 டிகிரி செல்சியஸால் துவைச்சலுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

நுனியைத் தாழ்த்த வேண்டுமென்றால் வெட்டுவாய்ப் பக்கத்தைத் தொடாமல், முதுகுப் பக்கத்திலிருந்து தேய்த்து இறக்குங்கள். முதுகு தடிமனானது, சூட்டை வாங்கிப் பரப்பிவிடும். வெட்டுவாயோ காகிதம்போல் மெலிந்து நிற்பதால் ஒரு நொடியில் கொதித்துவிடும். தேய்த்துப் பளபளக்கும் கார்பன் எஃகில் சூடு ஏறும்போது 220 டிகிரியை ஒட்டி வெளிர் மஞ்சளும், பிறகு பழுப்பும் ஊதாவும், 300 டிகிரி அளவில் நீலமும் தோன்றும். நீலம் கண்ட இடத்தில் கடினம் குறைந்துவிட்டது. அந்தப் பகுதியைத் தேய்த்து நீக்குவதைத் தவிர, மறுபடி துவைச்சல் கொடுக்க வசதியில்லாதவருக்கு வேறு வழியில்லை. துருப்பிடிக்காத எஃகில் இந்த நிறங்கள் இன்னும் மேலான சூட்டில்தான் வெளிப்படும் என்பதால், நிறம் வரவில்லையே என்று நம்பி அதைத் தொடர்ந்து தேய்க்கக் கூடாது.

பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும். ஒவ்வொரு முறை தேய்த்ததும் அலகை முக்கி, நீர் ஒட்டியிருக்கும் நிலையிலேயே மறுமுறை கொடுங்கள். ஒட்டிய நீர் வற்றத் தொடங்கினால் உடனே நிறுத்துங்கள். கையுறை அணிய வேண்டாம். சுழலும் இயந்திரத்தில் அது சிக்கிக்கொள்ளும் என்பது ஒரு காரணம், சூட்டை முதலில் சொல்வது வெறும் விரல்தான் என்பது இன்னொன்று. கண்ணாடி மட்டும் கட்டாயம். கிரைண்டரில் ஓடும் உப்புத்தாள் பெல்ட் மழுங்கியிருந்தால், வெட்டுவதைவிட உரசுவதுதான் மிகுதி என்பதால் புதிய பெல்ட்டைக் காட்டிலும் அதிகச் சூட்டை எழுப்பும்; பெல்ட்டை மிச்சம் பிடிக்கப் பார்த்து அலகை இழக்காதீர்கள்.

கேள்வி: முறிந்துபோன பழைய தேக்கு நாற்காலியின் கால் ஒன்றும், சென்ற மாதம் வெட்டிய வேப்பங்கிளை ஒன்றும் கைவசம் உள்ளன. பிடிக்கு எது நல்லது?

பதில்: நாற்காலிக் கால். வேப்பமரத்தில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் கிளை இன்னும் ஈரமாக இருக்கிறது. ஓர் அங்குலத் தடிமன் காய ஓராண்டு என்பது மரவேலைக்காரர்களின் பழைய கணக்கு. கிளையைப் பலகையாக அறுத்து, இரு முனைகளிலும் மெழுகு பூசி, நிழலில் அடுக்கி வையுங்கள். முனைகளில் மெழுகு இல்லாவிட்டால் அங்கே ஈரம் வேகமாக வெளியேறி வெடிப்பு விழும்.

காயாத மரத்தைப் போட்டால் நிகழ்வது இதுதான்: மரம் நீளவாக்கில் ஏறக்குறையச் சுருங்குவதே இல்லை, ஆனால் குறுக்குவாக்கில் சுருங்கும், அதனோடு ஒட்டியிருக்கும் எஃகு வாலோ அசையாது. உப்புத்தாள் போட்டு ஒரே மட்டமாக்கிய பிடியில் சில மாதங்கள் கழித்து உள்ளங்கையை ஓட்டிப் பார்த்தால், மரம் உள்வாங்கி, எஃகின் விளிம்பு ஒரு மெல்லிய வரப்பாக மேலே நிற்பது தெரியும். நன்கு காய்ந்த மரத்திலும் பருவத்துக்குப் பருவம் இது சிறிதளவு உண்டு.

தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் இருப்பதால், ஒட்டுவதற்குச் சற்று முன்பு ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடையுங்கள். முந்தைய நாளே துடைத்து வைத்தால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். எந்த மரமானாலும் வைரம் பாய்ந்த பகுதியையே எடுங்கள். ரேகை பிடியின் நீளத்தோடு ஓடட்டும். கருங்காலி பார்க்க அழகானது, ஆனால் எளிதில் வெடிக்கும். முதல் பிடிக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஈட்டி மரம் சேர்ந்த டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது என்பதோடு, அதன் தூள் பலருக்குத் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும். முகமூடி எல்லா மரத்துக்கும் தேவை. ஈட்டிக்குக் கூடுதலாகத் தேவை.

கேள்வி: எபாக்சி போட்டு, கிளாம்பை முடிந்தவரை இறுக்கி, வாலின் இரு பக்கமும் ஒட்டிய மரப் பலகைகள் சில வாரங்களில் பெயர்ந்துவிட்டன. வேறு பசைக்கு மாற வேண்டுமா?

பதில்: பசையை மாற்ற வேண்டாம்; இறுக்கத்தைத் தளர்த்துங்கள். எபாக்சி நிற்பதற்கு இடையில் ஒரு மெல்லிய படலமாவது மிஞ்ச வேண்டும். கிளாம்பை முழுப் பலத்தோடு முறுக்கினால் பசை முழுவதும் ஓரங்களில் வழிந்துவிட, நடுவில் வெறும் மரமும் வெறும் எஃகும்தான் தொட்டுக்கொண்டிருக்கும். பலகை அசையாமல் படிந்து நிற்கும் அளவுக்குப் பிடித்தால் போதும்.

அதற்கு முன்பே செய்ய வேண்டியவை உண்டு. பலகையின் உள்முகம் உண்மையிலேயே தட்டையா என்று பார்க்க, கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து அதில் தேயுங்கள்; வாலோடு சேர்த்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி எங்கும் கசியக் கூடாது. வாலின் முகத்தை 60 அல்லது 80 எண் தாளால் கீறிச் சொரசொரப்பாக்குங்கள். கீறிய பின் அசிட்டோனால் துடைத்து, அதன்பின் விரல் படாமல் வைத்திருங்கள். விரலின் எண்ணெய்ப் பசையே ஒட்டுதலைக் கெடுக்கப் போதும். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி இந்த வேலைக்கு வேண்டாம். ஒரு நாள் எடுத்து இறுகும் வகையே உறுதியானது. ஆணிகளை நிதானமாகச் செருகவும் அது நேரம் தரும்.

பித்தளை ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஆணியோ, குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். பசை நெம்பலில் பெயரும். பக்கவாட்டில் நழுவாமல் பலகையைத் தாங்குவது ஆணி. முதல் பலகையை வாலோடு கிளாம்பில் பிடித்து, வாலின் துளை வழியாகவே துளையிடுங்கள். ஒரு துளை முடிந்ததும் அதில் ஆணியைச் செருகிவிட்டு அடுத்ததைப் போட்டால் பலகை நகராது. பிறகு அதைக் கழற்றி, மறுபக்கப் பலகைக்கும் அவ்வாறே செய்யுங்கள். வாலில் புதிதாகத் துளை தேவைப்பட்டு, சாதாரண பிட் இறங்க மறுத்தால், அங்கும் கடினம் இருக்கிறது என்று பொருள். கார்பைடு பிட் வாங்கி, எண்ணெய் விட்டு, மெதுவான சுழற்சியில் துளைக்க வேண்டும்.

பலரும் மறப்பது ஒன்று. இரு பலகைகளிலும் அலகை நோக்கியிருக்கும் முன்விளிம்பை, ஒட்டுவதற்கு முன்பே முழுமையாக வடிவாக்கி, மெருகேற்றி முடித்துவிட வேண்டும். இரண்டையும் ஆணியில் கோத்து ஒரே கட்டாகப் பிடித்துத் தேய்த்தால் இரு பக்கமும் ஒத்து வரும். ஒட்டியபின் அந்த இடத்தில் உப்புத்தாள் போட்டால் அலகில் கீறல் விழாமல் இராது. ஒட்டும்போது அங்கே வழியும் பசையையும் இறுகுவதற்கு முன்பே, அசிட்டோனில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவிடுங்கள்.

கேள்வி: நானே செய்த பிடி பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனால் கொஞ்ச நேரம் மரம் சீவினாலே சுட்டுவிரலின் அடியில் கொப்புளம் வருகிறது.

பதில்: உங்கள் பிடியின் குறுக்குவெட்டு செவ்வகமாக இருக்கிறது என்று நினைக்கிறேன். பலகையின் தட்டையான முகத்தை அப்படியே விட்டு, மூலைகளை மட்டும் மழுக்கியவர்களுக்கு இந்தக் கொப்புளம் வரும். பிடி முழுவதும் நீள்வட்டமாக வர வேண்டும். உருண்டையாகவும் ஆகிவிடக் கூடாது. கண்ணை மூடிக்கொண்டு, உறையில் இருக்கும் கத்தியின் பிடியைப் பற்றினாலும் வெட்டுவாய் எந்தப் பக்கம் என்று கை சொல்ல வேண்டும், உருண்டைப் பிடி அதைச் சொல்லாது.

எங்கே குறைக்க வேண்டும் என்பதைக் கையிடமே கேட்கலாம். அடுப்புக்கரியைப் பொடித்து உள்ளங்கையில் பூசிக்கொண்டு, எண்ணெய் போடாத பிடியைப் பற்றி ஒரு குச்சியைச் சிறிது நேரம் சீவுங்கள். பிறகு பிடியைப் பார்த்தால், கை அழுந்திய மேடுகள் கரியேறி அடர்த்தியாகவும், கை படாத பள்ளங்கள் வெளுத்தும் இருக்கும். கரி அடர்ந்த இடத்தை அரத்தால் இரண்டு இழுப்பு ராவி, துடைத்துவிட்டு, மறுபடி சீவிப் பாருங்கள். கரி ஒரே சீராகப் பரவும்வரை இது தொடரட்டும். முன்விளிம்பின் கீழ்மூலை, அதாவது சுட்டுவிரல் வந்து இடிக்கும் இடம், பெரும்பாலும் கடைசிவரை கறுப்பாகவே வரும். அங்கே நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே உருட்ட வேண்டியிருக்கும்.

அளவுகள் கைக்குக் கை மாறும் என்றாலும், 10 முதல் 12 சென்டிமீட்டர் நீளமும், நடுவில் புடைத்த இடத்தில் 22 முதல் 25 மி.மீ. தடிமனும் தொடங்குவதற்கு ஏற்றவை. விரலுக்கு விரல் பள்ளம் வெட்டும் ஆசை வேண்டாம். அந்தப் பள்ளங்கள் ஒரே ஒரு பிடிமுறைக்குத்தான் பொருந்தும், கத்தியைத் திருப்பிப் பிடித்தாலோ இன்னொருவர் எடுத்தாலோ ஒவ்வொரு மேடும் குத்தும். வடிவம் வந்தபின், உப்புத்தாளை நாடாவாகக் கிழித்து, செருப்புக்கு மெருகேற்றுபவர் துணியை இழுப்பதுபோல் பிடியைச் சுற்றி இழுங்கள். 80 எண்ணில் தொடங்கி 120, 220, 400 என்று ஏறலாம். 220 முடிந்ததும் ஈரத்துணியால் ஒருமுறை துடைத்துக் காயவிட்டால் மரத்தின் நார் சிலிர்த்து எழும். அதையும் தேய்த்துவிட்டால், பிற்பாடு கை வியர்வையில் பிடி சொரசொரக்காது.

கேள்வி: பிடிக்கு வார்னிஷா, எண்ணெயா?

பதில்: எண்ணெய். வார்னிஷ் மேலே படலமாக நின்று, வியர்வையில் வழுக்கி, நாளடைவில் உரியும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையோ டங் எண்ணெயையோ மெல்லியதாகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்து மிச்சத்தை முழுவதும் துடைத்துவிட்டு, ஒரு நாள் இடைவெளியில் மூன்று நான்கு முறை பூசுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு வினைபுரிந்து காயும்போது சூடு எழும், சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு அடைபட்டுத் தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கேள்வி: பழைய கைப்பையின் தோலில் உறை தைத்தேன். மிருதுவாகத் தொய்கிறது; அலகிலும் கறை விழுகிறது. தோலில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: கைப்பை, சோபா, மேலாடை ஆகியவற்றின் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பால் பதனிட்டது. மென்மைக்காகவே அப்படிப் பதனிடுகிறார்கள். நனைத்து அச்சில் அழுத்தினாலும் அது வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது, அதில் தங்கும் உப்பு எஃகை அரிக்கவும் செய்யும். உறைக்கு வேண்டியது ஆவாரம்பட்டை, கடுக்காய், கருவேலம்பட்டை போன்ற துவர்ப்புப் பொருள்களால் பதனிட்ட தோல். சாயமோ பூச்சோ ஏறாத தோலில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். பட்டையில் பதனிட்டதாக இருந்தால் நீரை உறிஞ்சி அந்த இடம் சட்டென்று கருக்கும். வெட்டிய ஓரத்தின் நடுவில் நீலமோ சாம்பலோ கலந்து தெரிந்தால் அது குரோமியத் தோல். தடிமன் 2.5 முதல் 3.5 மி.மீ. வரை இருக்கலாம், சிறிய கத்திக்கு 2.5 தாராளம்.

கேள்வி: நல்ல தோலில்தான் தைத்தேன். இருந்தும் கத்தி உறைக்குள் ஆடுகிறது. அலகு உள்ளிருந்தே தையலை அறுத்துவிட்டது.

பதில்: இரண்டுக்கும் காரணம் ஒன்றே: இடையில் ஒரு தோல் பட்டியைக் கொடுக்காமல் விட்டிருக்கிறீர்கள். உறையின் இரு முகங்களுக்கும் நடுவே, வெட்டுவாய் ஓடும் ஓரம் நெடுக, 8 முதல் 10 மி.மீ. அகலத்தில் ஒரு பட்டியை ஒட்டித் தைக்க வேண்டும். வெட்டுவாய் உரசுவது அந்தப் பட்டியின் மீதுதான். நூலை அது நெருங்கவே முடியாது. பட்டியின் தடிமன் அலகின் முதுகுத் தடிமனை ஒத்திருந்தால் கத்தி உள்ளே ஆடவும் செய்யாது.

முதலில் தடித்த காகிதத்தில் மாதிரி வெட்டுங்கள். காகிதத்தை மடித்து, மடிப்பில் கத்தியின் முதுகு படும்படி வைத்துச் சுற்றிலும் கோடு போட்டு, அதற்கு வெளியே பட்டியின் அகலத்தைச் சேருங்கள். பிடியின் மூன்றில் இரண்டு பங்கு உறைக்குள் இறங்கும்படி அமைத்தால், பிடியின் புடைப்பைத் தோலே கவ்விக்கொள்ளும். தனியே பொத்தான் பட்டை தேவைப்படாது. இடுப்புவார் கோக்கும் வளையத்தை உறையை மூடுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள், மூடியபின் ஊசி உள்ளே போகாது. மூன்று அடுக்கையும் பசையால் ஒட்டி, ஓரத்தை உப்புத்தாளால் ஒரே மட்டமாக்கி, ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே தையல் கோட்டைச் சிறு பள்ளமாகக் கீறுங்கள். நூல் அந்தப் பள்ளத்தில் அமர்ந்தால் தேயாது.

தையல் இயந்திரம் வேண்டாம். மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஊசிகளும் எதிரெதிர்த் திசையில் கடக்கும்படி தைக்கும் சேணத் தையலே இதற்கு உரியது. இயந்திரத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் வரிசையாகப் பிரியும். சேணத் தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும். கோட்டின் நீளத்தைப்போல் குறைந்தது நான்கு மடங்கு நூல் எடுத்துக்கொண்டு, முடிவில் இரண்டு மூன்று துளைகள் பின்னோக்கித் தைத்து முடியுங்கள்.

தைத்த உறையை வெதுவெதுப்பான நீரில், குமிழி வருவது நிற்கும்வரை முக்கி எடுங்கள். கத்திக்கு எண்ணெய் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளை இரண்டு சுற்றுச் சுற்றி உள்ளே செருகி, பிடியின் கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்தி வடிவம் கொடுங்கள். நிழலில் ஒரு நாள் காயட்டும். வெயிலோ அடுப்போ கூடாது; ஈரத்தோல் கடுஞ்சூடு கண்டால் சுருங்கி, மரக்கட்டையாக இறுகி, வெடிக்கும். இப்போது ஆடிக்கொண்டிருக்கும் உறையையும் பிரித்துப் பட்டி கொடுத்து, மறுபடி தைத்து, இவ்வாறு நனைத்து எடுத்தால் சரியாகிவிடும்.

கேள்வி: நான் இடதுகைக்காரன். மாதிரியைத் திருப்பி வெட்டினால் போதுமா?

பதில்: போதும். காகித மாதிரியைக் கவிழ்த்துப் போட்டுத் தோலில் வரையுங்கள். தோலின் வழவழப்பான முகம் வெளியே வருகிறதா என்பதை வெட்டுவதற்கு முன் மறுபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிடியில் எந்த மாற்றமும் தேவையில்லை.

கேள்வி: கார்பன் எஃகுக் கத்திக்குக் காப்பிக் கஷாயத்தில் கறுப்பு ஏற்றினால் துரு பிடிக்காது என்கிறார்களே?

பதில்: குறையும், பிடிக்காது என்று சொல்ல முடியாது. எண்ணெய்ப் பசை போக அலகைக் கழுவி, கெட்டியான சூடான காப்பிக் கஷாயத்தில் சில மணி நேரம் தொங்கவிட்டால் சாம்பல் கறுப்பில் ஒரு படலம் படியும். வினிகரிலும் படியும், ஆனால் அது திட்டுத்திட்டாக வரும். படலம் வந்தபின்னும் வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவ வேண்டியதுதான். நீண்ட நாள் எடுக்காமல் வைப்பதென்றால் கத்தியைத் தோலுறைக்குள் வைக்காதீர்கள். தோல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அதன் துவர்ப்பும் அமிலத்தன்மை உடையது. எண்ணெய்த் துணியில் கத்தியைச் சுற்றி ஓரிடத்திலும், உறையை வேறிடத்திலும் வையுங்கள்.